மூன்று பள்ளிகள், ஒரு சிறுமி: மீத்திறன் குழந்தைக்குப் பள்ளி தேடிய நிகழ்வு ஆய்வு

இந்தச் சிறுமியை நான் முதலில் பார்த்தது 2022 ஜூலையில். அப்போது அவளுக்கு ஏழரை வயது. இப்போது பத்து வயது தாண்டிவிட்டது. அவளிடமும் பெற்றோரிடமும் கேட்டு, அவர்கள் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன். ஆட்களின் பெயர், ஊர், பள்ளி எதையும் குறிப்பிடவில்லை.

நான் கொங்குப் பகுதியில் பள்ளிக் குழந்தைகளுக்கு உளவியல் மதிப்பீடு செய்பவள். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் படிக்கச் சிரமப்படும் பிள்ளைகள். வகுப்பில் நடத்தும் பாடம் போதாமல் தவிக்கும் பிள்ளை, அதாவது மீத்திறன் பிள்ளை, வருவது அபூர்வம். அனுபவக் குறைவு என்று சொல்லித் தப்பிக்க எனக்கு விருப்பமில்லை. இந்த நிகழ்வில் முதல் முடிவு தவறாகப் போனது, அதில் என் பங்கு பெரியது. இதே நிலையில் இருக்கும் இன்னொரு குடும்பத்துக்கோ ஆசிரியருக்கோ உதவும் என்பதால் அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

பின்னணி

அப்பா கூலிக்கு விசைத்தறி ஓட்டுபவர். அம்மா பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு வீட்டில் தையல் வேலை செய்கிறார். அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, வீட்டோடு இருக்கிறார். இவள் ஒரே பிள்ளை. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் 2018இல் பக்கத்து ஊர் தனியார் பள்ளியில் எல்கேஜி சேர்ந்தாள். அந்த இடம் கிடைத்தது அந்த வீட்டில் பெரிய விஷயம். நுழைவு வகுப்பில் மட்டும்தான் அந்தச் சேர்க்கை. ஒரு முறை விட்டால் திரும்பக் கிடைக்காது. பின்னால் எடுத்த ஒவ்வொரு முடிவிலும் இந்தப் பயம் கூடவே இருந்தது.

அவள் ஒன்றாம் வகுப்புக்குப் போக வேண்டிய 2020 ஜூனில் பள்ளிகள் மூடிக் கிடந்தன. வீட்டில் இருந்தது அப்பாவின் ஒரு போன், ஒரு டிவி. கல்வித் தொலைக்காட்சியில் வகுப்பு வாரியாகப் பாடம் ஓடியது. ஒன்றாம் வகுப்புப் பாடம் முடிந்தாலும் இவள் எழுந்திருக்க மாட்டாள். மூன்று, ஐந்து, எட்டு என்று எல்லா வகுப்புப் பாடத்தையும் பார்த்தாள். டிவியில் ஆசிரியர் விடை சொல்வதற்கு முன்னால் இவள் சொல்லிவிடுவாள். மறு ஒளிபரப்பைப் பார்த்து மனப்பாடம் செய்திருக்கிறாள் என்று அம்மா நினைத்துக்கொண்டார்.

2021 நவம்பர் 1 அன்று பள்ளி திறந்தது. அதே சமயத்தில் அம்மா இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர் ஆனார். மாதம் 1,000 ரூபாய். மாலையில் வாசலில் இருபது பிள்ளைகள். ஐந்தாம் வகுப்புப் பையன்களுக்குக் கேட்ட கேள்விக்கெல்லாம் மூலையிலிருந்து இவள் பதில் சொல்ல, மற்றவர்கள் படிக்க முடியவில்லை என்று அம்மா அவளை உள்ளே அனுப்பி வைத்திருக்கிறார். “அப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணுங்க மேடம். சத்தம் போட்டு உள்ள தள்ளிட்டேன்” என்று பின்னால் என்னிடம் சொல்லி அழுதார். அவர் மேல் எந்தத் தவறும் இல்லை. இருபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

என் குறிப்பேட்டில் நான் முதலில் அடிக்கோடிட்டது அப்பா சிரித்துக்கொண்டே சொன்ன ஒரு சம்பவத்தை. அவர் ஓட்டுவது நிமிடத்துக்கு 120 ஓட்டம் ஓடும் தறி. அங்குலத்துக்கு 52 ஊடை, அதாவது குறுக்கு நூல், விழும் துணி. ஒரு ஓட்டத்துக்கு ஒரு ஊடை. இதை எப்போதோ அவளிடம் சொல்லியிருக்கிறார். ஒரு நாள் தறிக்குடோனில் உட்கார்ந்திருந்தவள், “அப்பா, ஒரு மணி நேரத்துக்கு மூணரை மீட்டர் வரணுமே. பன்னெண்டு மணி நேரத்துக்கு முப்பத்தஞ்சுதான் இருக்கு. தறி ரெண்டு மணி நேரம் நின்னுச்சா?” என்று கேட்டாளாம். நூல் அறுந்தது, ஊடை நூல் சுற்றிய தார் மாற்றியது, நடுவில் கரண்ட் போனது எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய அவ்வளவுதான் நின்றிருந்தது. நான் வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். மணிக்கு 7,200 ஊடை. 52ஆல் வகுத்தால் 138 அங்குலத்துக்கு மேல், அதாவது மூன்றரை மீட்டர். பன்னிரண்டு மணி நேரத்துக்கு 42. குறைந்தது 7. சரியாக இரண்டு மணி நேரம். அப்போது அவள் இரண்டாம் வகுப்பு. பெருக்கல் வாய்பாடே பள்ளியில் முழுதாக நடத்தி முடிக்கவில்லை.

என்னிடம் வந்தபோது

அப்பா இந்தக் கதையைச் சொல்ல வரவில்லை. பள்ளியிலிருந்து ஒரு கடிதம் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். எழுத்து வேலையை முடிப்பதில்லை, இடத்தில் உட்காருவதில்லை, ஆசிரியரை இடையில் திருத்துகிறாள், கவனக் குறைபாடு இருக்கலாம், பரிசோதிக்கவும். கூடவே வீட்டிலிருந்து ஒரு குறை: காலையில் வயிற்று வலி. ஜூன் 13 அன்று பள்ளி திறந்ததிலிருந்து பதினோரு நாள் லீவு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வலி இல்லை.

“பாப்பாவுக்கு மூளையில ஏதாச்சும் கோளாறுங்களா?” என்பதுதான் அப்பாவின் முதல் கேள்வி. அம்மாயி, “அம்மிணி நல்லாத்தான் இருக்குது. அந்தப் பள்ளிக்கூடத்துலதான் கோளாறு” என்றார். நாங்கள் ஆறு மாதம் கழித்து வந்து சேர்ந்த இடத்துக்கு அவர் அன்றே வந்துவிட்டார்.

பள்ளியின் அனுமதியோடு வகுப்பில் இரண்டு பாடவேளை உட்கார்ந்தேன். மூன்றாம் வகுப்பு, 41 பிள்ளைகள். கடன் வாங்கிக் கழித்தல், கரும்பலகையில் இருபது கணக்கு. இவள் மூன்று போட்டாள். பிறகு நோட்டின் கடைசிப் பக்கத்துக்குப் போய் எதையோ எழுதிக்கொண்டே இருந்தாள். மணி அடித்ததும் ஆசிரியர் நோட்டில் ‘முடிக்கவில்லை’ என்று சிவப்பு மையில் எழுதினார். கடைசிப் பக்கத்தை யாரும் திருப்பவில்லை. நான் திருப்பினேன். 72இலிருந்து 27 போனால் 45. 83இலிருந்து 38 போனால் 45. 91இலிருந்து 19 போனால் 72. இப்படி இருபத்திரண்டு வரி. கீழே கோணலான எழுத்தில்: “எல்லாம் 9 வாய்பாடு. 7க்கும் 2க்கும் நடுவுல 5. அதான் 5 தடவை 9.” ஆசிரியர் கொடுத்த இருபது கணக்கைவிட இரண்டு கூடவே கழித்திருக்கிறாள். ஆனால் ஆசிரியர் கணக்கில் அவள் ‘முடிக்காதவள்’.

அந்த ஆசிரியரைக் குறை சொல்ல மாட்டேன். பெற்றோர் கூட்டத்தில் நோட்டு நிரம்பியிருக்கிறதா என்றுதான் கேட்பார்கள். 41 நோட்டு திருத்துகிறவருக்குக் கடைசிப் பக்கம் பார்க்க நேரமில்லை.

மதிப்பீட்டில் தெரிந்தவை

மூன்று அமர்வுகளில் செய்தேன். வடிவப் புதிர்களைக் கொண்ட ரேவனின் வண்ண அணிச் சோதனையில் 36க்கு 35. அந்தச் சோதனை அவளுக்குப் போதவில்லை என்பது மட்டும்தான் அதற்குப் பொருள். பெரியவர்களுக்கும் பயன்படும் 60 வினா கொண்ட அடுத்த சோதனைக்குப் போனேன். பினே-காமத் நுண்ணறிவுச் சோதனையில் மன வயது பன்னிரண்டு வயதுக் குழந்தைக்கு நிகராக வந்தது. அதை நுண்ணறிவு ஈவு (ஐக்யூ) எண்ணாக மாற்றினால் பெரிய எண் வரும். அதை நான் எழுதித் தரவில்லை. அந்தச் சோதனையின் தரநிலைகள் பல பத்தாண்டு பழையவை, எண்ணைக் கொஞ்சம் ஊதிக் காட்டக்கூடியவை. அதைவிட முக்கியமாக, எண் ஒன்று கையில் கிடைத்தால் எல்லாரும் அதையே பிடித்துக்கொள்வார்கள். ஆனால் வாய்மொழியாக அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அதன் விளைவு பின்னால் வருகிறது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது, அவளுடைய வளர்ச்சி ஒரே சீராக இல்லை என்பதுதான். தமிழ் வாசிப்பு எட்டாம் வகுப்பு அளவில். கணக்கில் கருத்துகள் ஏழாம் வகுப்பு. ஆங்கிலம் நான்காம் வகுப்பு. கையெழுத்து இரண்டாம் வகுப்பு. விரல் தசைகள் ஏழு வயதுக்குரியவை, அதில் குறை எதுவும் இல்லை. மனம் ஓடும் வேகத்துக்குக் கை வராது, அதனால் எழுதுவதையே வெறுத்தாள். அழுகை, பிடிவாதம், இருட்டைக் கண்டு பயம், அம்மாயி மடியில் படுப்பது எல்லாம் ஏழு வயதுக்குரியவைதான். கவனக் குறைபாடு இல்லை. பிடித்த புதிர் கிடைத்தால் நாற்பது நிமிடம் அசையாமல் உட்கார்ந்தாள். கண், காது சோதனைகளும் சரி.

முதல் முடிவு

முதலில் இருந்த பள்ளியிலேயே ஏதாவது மாற்ற முடியுமா என்று பார்த்தோம். அவர்கள் நல்ல மனதோடு கூடுதல் பயிற்சித் தாள் கொடுக்க ஆரம்பித்தார்கள். இருபது கழித்தல் போரடிக்கிறவளுக்கு நாற்பது கழித்தல். வயிற்று வலி வாரம் நான்கு நாளாக ஆனது. கணக்குப் பாடவேளைக்கு மட்டும் ஐந்தாம் வகுப்பில் உட்கார வைக்க முடியுமா என்று கேட்டேன். “மத்த பேரண்ட்ஸ் கேப்பாங்க மேடம், எல்லாத்தையும் மாத்த வேண்டி வரும்” என்றார் முதல்வர். அதோடு அந்தக் கல்வியாண்டு போய்விட்டது.

2023 மார்ச்சில் 22 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஒரு பெரிய சிபிஎஸ்இ பள்ளி அப்பாவைத் தேடி வந்தது. எண் எப்படியோ அவர்கள் காதுக்குப் போயிருந்தது. கட்டணம் முழுக்க இலவசம், பஸ் இலவசம், சீருடை இலவசம். ஒலிம்பியாட், நுழைவுத்தேர்வு அடித்தளப் பயிற்சி உண்டு. அவர்கள் சோதனை வைத்துப் பார்த்து, நான்காம் வகுப்புக்குப் பதிலாக நேரே ஆறில் சேர்க்கிறோம் என்றார்கள்.

நான் ஆதரித்தேன். காரணங்கள் அன்று வலுவாகத்தான் தெரிந்தன. வகுப்புத் தாண்டுதல் பற்றி அமெரிக்காவில் நூறாண்டுக்கு அருகில் ஆய்வு நடந்திருக்கிறது. கவனமாகத் தேர்ந்தெடுத்த குழந்தைகளுக்கு அது பெரும்பாலும் நன்மையே செய்திருக்கிறது. பழைய பள்ளியில் இருந்தால் குழந்தை நோயாளியாகிவிடுவாள் என்று பயந்தேன். கூலித் தறி ஓட்டும் குடும்பத்துக்கு இப்படி ஒரு வாய்ப்பு இன்னொரு முறை வராது என்றும் நினைத்தேன். இந்தக் கடைசிக் காரணம்தான் என் கண்ணை மறைத்தது.

வகுப்புத் தாண்ட வைக்கலாமா என்று முடிவு செய்ய அயோவா அளவுகோல் என்று ஒன்று உண்டு. குழந்தைக்கே விருப்பம் இல்லையென்றால் தாண்ட வைக்கக் கூடாது என்பது அதில் ஒரு கண்டிப்பான நிபந்தனை. எனக்கு அது தெரியும். அவளிடம் நான் கேட்ட கேள்வி: “கண்ணு, பெரிய கணக்கெல்லாம் சொல்லித் தர்ற ஸ்கூலுக்குப் போறியா?” அவள் தலையாட்டினாள். இதைக் கேட்டதாகவே கொள்ள முடியாது. மூன்று மணி நேரம் அந்த ஆறாம் வகுப்பில் உட்கார வைத்துவிட்டுக் கேட்டிருக்க வேண்டும்.

ஆறு மாதம்

2023 ஜூனில் சேர்ந்தாள். எட்டரை வயது. உடன் படிப்பவர்களுக்குப் பத்தரை, பதினொன்று. பஸ் பயணம் போக ஒரு மணி பத்து நிமிடம், வர அதே அளவு. அடித்தளப் பயிற்சி மாலை வரை. வீடு சேர ஏழரை ஆகிவிடும். புதிதாக இந்தி. ஒரு நாளில் எழுத வேண்டிய பக்கங்கள் பழைய பள்ளியைவிட மூன்று மடங்கு. கணக்கு மட்டும் ஆறாம் வகுப்பும் அவளுக்கு எளிதுதான். அதாவது எது கடினமாக வேண்டுமோ அது எளிதாகவே இருந்தது. எது அவளுக்கு ஏற்கனவே கடினமோ, அந்த எழுத்து வேலை இன்னும் கடினமானது. இதை நான் முன்பே கணக்குப் போட்டிருக்கலாம். அவளுடைய சீரற்ற வளர்ச்சியை அறிக்கையில் எழுதியவளே நான்தான்.

ஜூலையில் பள்ளி வாசலில் அவள் படத்தோடு பிளெக்ஸ் வைத்தார்கள். நான் வாய்மொழியாகச் சொன்ன எண் அதில் இருந்தது. பக்கத்தில் ‘அடுத்த ராமானுஜன்’. இந்தப் பெயரைச் சொல்கிறவர்களிடம் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். ராமானுஜன் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். கணக்கிலேயே மூழ்கி மற்றப் பாடங்களில் தவறினார் என்பதுதான் காரணம். சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் தேர்ச்சி பெறவில்லை. அவரை அவர் இருந்த நிலையில் வைத்துக்கொள்ளத் தெரிந்த ஒரு கல்விக்கூடம் அன்று கிடைக்கவில்லை. அந்தப் பெயரை ஒரு குழந்தையின் தலைக்கு மேல் எழுதுவதற்கு முன் இது நினைவில் இருக்க வேண்டும்.

பிளெக்ஸ் வந்த பிறகு ஒவ்வொரு தேர்விலும் அவள் முதலில் வர வேண்டியவள் ஆனாள். சமூக அறிவியலில் எட்டாவது வந்தபோது வகுப்பில் சிரித்தார்கள். மதியம் அவளோடு சாப்பிட யாரும் இல்லை. அக்டோபரில் வீட்டில் பேசுவது குறைந்தது. நவம்பரில் அப்பா தறியில் எத்தனை மீட்டர் வந்தது என்று வழக்கம் போல அவளிடம் சொல்லியிருக்கிறார். “எங்கிட்ட எதுக்குப்பா சொல்ற? எனக்குக் கணக்குப் பிடிக்கல” என்றாளாம். அன்றிரவே அப்பா எனக்குப் போன் செய்தார். குரல் உடைந்திருந்தது. அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு அனுப்ப வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

மறுபடியும் தேடியது

இந்த முறை பள்ளியின் பெயர், பாடத்திட்டம், பயிற்சி எதையும் பார்க்கவில்லை. டிசம்பர் கடைசியில் ஐந்து பள்ளிகளுக்கு நேரில் போனேன். எல்லா இடத்திலும் ஒரே கேள்விதான்: இந்தப் பிள்ளை வயதுக்கு அருகில் உள்ள வகுப்பில் இருந்துகொண்டு, கணக்குக்கு மட்டும் வேறு வகுப்பில் உட்கார முடியுமா? மூன்று தனியார் பள்ளிகள் முடியாது என்றன. ஒரு பள்ளி முடியும் என்றது, ஆனால் கட்டணம் குடும்பத்தின் மாத வருமானத்தைவிட அதிகம். சிலர் மத்திய அரசின் நவோதயா உறைவிடப் பள்ளி பற்றிக் கேட்டார்கள். தமிழ்நாட்டில் நவோதயா பள்ளியே இல்லை. வீட்டிலேயே வைத்துப் படிக்க வைக்கலாம் என்ற யோசனையும் வந்தது. அவளுக்கு அப்போது வேண்டியிருந்தது பாடத்தைவிடத் தோழிகள் என்பதால் அதைத் தள்ளிவிட்டேன்.

ஐந்தாவது, அவர்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்த ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. ஒன்றிலிருந்து எட்டு வரை. முதல் முறை தேடியபோது என் பட்டியலிலேயே அது இல்லை. அரசுப் பள்ளியில் இப்படிப்பட்ட பிள்ளைக்கு என்ன இருக்கப் போகிறது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் எல்லாரும் அப்படித்தான் நினைத்தோம். நானும்தான்.

தலைமை ஆசிரியை ஓய்வுக்கு நான்கு ஆண்டு இருப்பவர். கேள்வியைக் கேட்டதும், “இதுல என்னங்க இருக்கு? ஏபிஎல் காலத்துல ஒரே ரூம்ல நாலு வகுப்புப் பிள்ளைகளும் அவங்கவங்க ஏணிப்படில ஏறிட்டு இருந்தாங்க. வேகமாப் போறவங்க போவாங்க, மெதுவா வர்றவங்க வருவாங்க” என்றார். ஏபிஎல் என்னும் செயல்வழிக் கற்றலில் ஒவ்வொரு பிள்ளையும் அட்டைகளை எடுத்துக்கொண்டு தன் வேகத்தில் படியேறும். அதில் பல ஆண்டுகள் ஊறியவர். இப்போது எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் ஒரே வகுப்பை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை வாரியாகப் பிரித்துத்தான் நடத்துகிறார்கள். பின்தங்கும் பிள்ளைகளை மனதில் வைத்து வந்த ஏற்பாடுகள் இவை. ஆனால் ஒரு வகுப்பறையில் பல நிலைகளில் பிள்ளைகள் இருப்பது இயல்பு என்று அந்த ஆசிரியர்களுக்குப் பழகியிருந்தது. இந்தச் சிறுமிக்குத் தேவைப்பட்டது அந்தப் பழக்கம்தான். பெரிய ஆய்வகமோ ஒலிம்பியாட் புத்தகமோ இரண்டாம்பட்சம்.

சேர்க்கையில் சிக்கல் வந்தது. முந்தைய பள்ளி மாற்றுச் சான்றிதழ் தரத் தாமதித்தது, எமிஸ் என்னும் இணைய மாணவர் பதிவேட்டில், வேறு பள்ளி அவளைச் சேர்த்துக்கொள்ளும்படி காமன் பூல் என்ற பொதுப் பட்டியலுக்கு விடவும் இல்லை. மாற்றுச் சான்றிதழ் தாமதமானால் அதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்கிறது. தலைமை ஆசிரியைக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது. ஜனவரியில் முதலில் வகுப்பில் உட்கார வைத்துவிட்டு, வட்டாரக் கல்வி அலுவலருக்குக் கடிதம் எழுதிவிட்டுத்தான் மற்ற வேலையைப் பார்த்தார். எமிஸ் பதிவைச் சரிசெய்ய மூன்று வாரம் ஆனது.

இந்த முறை அவளை ஒரு நாள் முழுக்க அங்கே உட்கார வைத்துவிட்டுக் கேட்டோம். “நாலாவது வேண்டாம், அஞ்சாவதுல உக்காந்துக்கறேன். அங்க ஒரு அக்கா துளிர் வெச்சிருக்கா” என்றாள். துளிர் சிறுவர்களுக்கான அறிவியல் இதழ். ஐந்தாம் வகுப்பு என்று முடிவானது. வயதுக்கு ஒரு வகுப்பு முன்னால். கணக்கு ஏழாம் வகுப்பில்.

எப்படி ஏற்பாடு செய்தார்கள்

இதை விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்ற பள்ளிகள் முடியாது என்றது இங்கேதான்.

ஐந்தாம் வகுப்புக்கு எல்லாப் பாடமும் ஒரே ஆசிரியர். ஏழாம் வகுப்புக்குக் கணக்கு ஆசிரியர் தனி. ஏழாம் வகுப்புக் கணக்கு தினமும் முதல் பாடவேளை. ஆகவே ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் தன் கணக்கையும் முதல் பாடவேளைக்கு நகர்த்தினார். அவ்வளவுதான் மாற்றம். அவள் வேறு எந்தப் பாடத்தையும் தவறவிடவில்லை. ஒருவரும் கூடுதல் நேரம் வேலை செய்யவில்லை. காலை உணவை ஐந்தாம் வகுப்புத் தோழிகளோடு சாப்பிட்டுவிட்டு, பிரேயர் முடிந்ததும் நேரே ஏழுக்குப் போவாள். மணி அடித்ததும் திரும்பி வருவாள். முதல் வாரம் இரண்டு பையன்கள் கேட்டார்கள். “அவளுக்குக் கணக்கு அங்க, உனக்குக் கபடி பெரிய பசங்களோட. சரியாப் போச்சா?” என்று ஆசிரியர் சொன்னதோடு கேள்வி முடிந்தது.

எழுத்துக்கு வேறு வழி. பாதிக் கேள்விகளுக்கு வாயால் பதில் சொல்லலாம். மீதிப் பாதி கட்டாயம் எழுத வேண்டும், ஆனால் பத்து வரிக்கு மேல் கேட்பதில்லை. தெரிந்ததைச் சோதனையில் காட்டிவிட்டால் பயிற்சிக் கணக்கு போட வேண்டியதில்லை. சனிக்கிழமைகளில் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தோடு தொடர்புள்ள ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர் கிளை நூலகத்தில் அவளையும் இன்னும் நான்கு பிள்ளைகளையும் உட்கார வைத்துப் புதிர்கள் போடுகிறார். அவள் தோற்பது அங்கே மட்டும்தான். அது அவளுக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

பெற்றோரோடு ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டோம். எண்ணைச் சொல்வதில்லை, பிளெக்ஸ் இல்லை, உள்ளூர் கேபிள் டிவிக்குப் பேட்டி இல்லை. அப்பா உடனே சரி என்றார்.

பின்பு நடந்தவை

வயிற்று வலி பிப்ரவரி நடுவில் நின்றது. பேச்சு முதலில் திரும்பியது, கணக்கு மெதுவாகத்தான். மார்ச் வரை ஏழாம் வகுப்பில் கையே தூக்காமல் உட்கார்ந்திருந்தாள். ஆசிரியர் அவசரப்படுத்தவில்லை. ஏப்ரலில் ஒரு நாள் கரும்பலகைக் கணக்குக்கு இன்னொரு வழி இருக்கிறது என்று சொன்னாளாம். அந்த ஆசிரியர் எனக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜை இன்னும் வைத்திருக்கிறேன்.

எல்லாம் நேராகப் போகவில்லை. 2024இல் ஆறாம் வகுப்புக்கு வந்தபோது ஏழாம் வகுப்புக் கணக்கு ஆசிரியர் மாறுதலாகிப் போனார். வந்தவருக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. இரண்டு மாதம் நூலகத்தில் தனியாகப் படித்தாள். தலைமை ஆசிரியை எட்டாம் வகுப்புப் பாடவேளையை மாற்றி மறுபடி சரிசெய்தார். ஒரே ஒரு ஆளை நம்பிய ஏற்பாடு எவ்வளவு மெலிந்தது என்று அப்போது புரிந்தது. அதன் பிறகு எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதிப் பள்ளிக் கோப்பில் வைத்தோம். ஆங்கிலம் இன்னும் கணக்கின் வேகத்தில் இல்லை. குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்காக ஒரு தோழியோடு சேர்ந்து, வெயில் நேரத்தில் தறியில் நூல் அதிகம் அறுகிறதா என்று ஆறு வாரம் எண்ணினாள். மாநிலத்துக்குத் தேர்வாகவில்லை. ஆனால் அவள் அப்பா ஓட்டும் தறிக்குடோன் முதலாளி அந்த அட்டவணையைக் கேட்டு வாங்கிப் போனார்.

இப்போது ஏழாம் வகுப்பு. பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் பாதியைத் தாண்டிவிட்டாள். தோழிகள் மூன்று பேர், மூவரும் அவளைவிட ஒரு வயது பெரியவர்கள். ஒருத்தியோடு வாரத்துக்கு ஒரு சண்டை உண்டு.

இப்போது என்றால் எதை மாற்றிச் செய்வேன்

எண்ணை வாய்மொழியாகக்கூடச் சொல்ல மாட்டேன். அவளால் என்ன முடிகிறது, எது கடினம் என்று மட்டும் சொல்வேன்.

பயண நேரத்தை முதல் கேள்வியாக வைப்பேன். எட்டு வயதுப் பிள்ளைக்குத் தினமும் இரண்டே கால் மணி நேரத்துக்கு மேல் பஸ்ஸில் போனால், எந்தப் பள்ளியாக இருந்தாலும் அது மோசமான பள்ளிதான். மீத்திறன் பிள்ளைகளுக்கு விளையாடவும் யோசிக்கவும் சும்மா இருக்கவும் நேரம் கூடுதலாகவே வேண்டும்.

இரண்டு வகுப்பு தாண்ட வைப்பதற்கு முன், ஒரு பாடத்தை மட்டும் நகர்த்திப் பார்ப்பேன். அதை மறுத்த முதல் பள்ளியோடு இன்னும் நான்கு முறை பேசியிருக்க வேண்டும். ஒரு ‘முடியாது’ கேட்டதும் விட்டுவிட்டேன். அவர்கள் மற்ற பெற்றோரைக் கண்டு பயந்தார்கள். பாடவேளையை நகர்த்தும் வழியை நானே காகிதத்தில் போட்டுக் காட்டியிருந்தால் பயம் குறைந்திருக்கலாம். எனக்கே அந்த வழி அப்போது தெரியாது. அது தெரிந்தவர் நடந்து போகும் தூரத்தில் இருந்தார், நான் போய்க் கேட்கவில்லை.

இன்னொன்றை நாங்கள் யாருமே யோசிக்கவில்லை. அவள் 2015 ஜனவரியில் பிறந்தவள். இப்போதைய வகுப்புக் கணக்கில் பன்னிரண்டாம் வகுப்பை 2031இல் முடிப்பாள். நீட் எழுதச் சேர்க்கை ஆண்டின் டிசம்பர் 31க்குள் 17 வயது நிரம்ப வேண்டும். அவளுக்கு நிரம்புவது அடுத்த ஜனவரியில். மருத்துவம் படிக்க விரும்பினால், தாண்டிய அந்த ஒரு வருடத்தைச் சில நாள் வித்தியாசத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவளுக்கு இப்போது மருத்துவத்தில் ஆர்வம் எதுவும் இல்லை. ஆனாலும் வகுப்பை முடிவு செய்யும் அன்று பெற்றோரிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டும். போன மாதம்தான் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “ஒரு வருஷம் சும்மா இருந்தா இருக்கட்டுங்க. அவ எப்பச் சும்மா இருந்தா?” என்றார்.

இந்தப் பள்ளி எட்டோடு முடிகிறது. 2027 ஜூனில் ஒன்பதாம் வகுப்புக்கு எங்கே போவது என்ற கேள்வி திறந்தே இருக்கிறது. மாவட்ட மாதிரிப் பள்ளி ஒரு வாய்ப்பு. ஆனால் விடுதியில் தங்க வேண்டும், அவளுக்கு அப்போது பன்னிரண்டரை வயதுதான் இருக்கும். அருகில் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. அதன் கணக்கு ஆசிரியையிடம் தலைமை ஆசிரியை பேசியிருக்கிறார். வரும் சனிக்கிழமை சிறுமியைக் கூட்டிக்கொண்டு போய் அவர் வகுப்பில் ஒரு மணி நேரம் உட்கார வைக்கப் போகிறோம். அங்கே அந்த ஆசிரியையிடம் கேட்க வேண்டிய கேள்விகளை இந்த முறை அவளே எழுதி வைத்திருக்கிறாள். கோணல் எழுத்தில் ஏழு கேள்வி, பத்து வரிக்குள்.